களப்பும் கடனீரேரியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை ஊரொன்றிற் பிறந்த சிறுமி ஒருத்தி, காலையிலே தோணியேறித் துறை கடந்து பள்ளிக்கூடம் சென்று, புவியியற் புத்தகத்தைத் திறக்கின்றாள் என்று கொள்க. அங்கே 'கடனீரேரி' என்றொரு சொல் அவளை எதிர்கொள்கின்றது. அவள் அதனைக் கடன், நீர், ஏரி என்று பிரிக்கின்றாள். கடனாக வாங்கிய நீரைக் கொண்ட ஏரி போலும் என்று எண்ணுகின்றாள். நன்னூல் கற்ற ஆசிரியர் நகைத்து, நிலைமொழி ஈற்று லகரம் கெட, வருமொழி முதல் நகரம் னகரமாய்த் திரிந்தமையாற் கடல்நீர் கடனீராயிற்று என்று விளக்குவார். புணர்ச்சி விளங்கிவிடும். பொருள் விளங்காது. ஏனெனில், அன்று காலை தான் கடந்துவந்த நீர்ப்பரப்புத்தான் அந்தக் கடனீரேரி என்பதனை அச்சொல்லில் எந்த எழுத்தும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய தாய் அதனை ஆறு என்பாள். ஊர்ப் பெரியவர் வாவி என்பர். அவள் பிறந்த மாவட்டத்தின் பெயரிலோ அது களப்பு என நிற்கின்றது. மூன்று சொற்களையும் உடைய பிள்ளைக்கு நான்காவதாக ஒரு சொல்லைக் கொடுத்து, முதல் மூன்றும் பரீட்சைக்கு உதவா என்று கற்பிப்பதற்குப் பெயர் கல்வியாம்.

ஆங்கிலேயர் 'லகூன்' என்று வழங்கும் நிலவுருவுக்குத் தமிழிற் கலைச்சொல் யாது என்பதே இங்கு வழக்கு. சிறிய வழக்கு என்று தோன்றும். ஆயின், இதன் உள்ளே இருப்பது பெரிய வினா: அறிவியற்சொல் எங்கிருந்து வரவேண்டும்? அகராதியிலிருந்தா, கரையிலிருந்தா?

கலைச்சொல்லாக்க முன்னோடிகளைப் பழிப்பது நன்றியின்மை. 1930களிற் சென்னையிலே நடைபெற்ற சொல்லாக்க முயற்சியில், காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் முன்னின்று உழைத்தார். 1938இல் 'கலைச்சொற்கள்' நூலாக வெளிவந்தது. பின்னர் இலங்கையிலே அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை அச்சிட்டது. 1960இற் பேராதனையிற் கலைப்பீட வகுப்புகள் தாய்மொழியில் தொடங்கியபோது அத்தொகுதிகள் இல்லாதிருந்தால், விரிவுரையாளர் வாய் திறந்திருக்க இயலாது. இவை யாவும் மறுக்கவொண்ணாதவை. ஆயினும், அவசரத்திலே பிறந்த பழக்கம் ஒன்று அவசரம் நீங்கிய பின்னும் நீங்காது நிற்கின்றது. அப்பழக்கம் இது: மொழிபெயர்ப்பாளர் பொருளை நோக்குவதில்லை, ஆங்கிலச் சொல்லை நோக்குவர். ஆங்கிலச் சொல்லின் பின்னே இலத்தீனும் கிரேக்கமும் நிற்கின்றன என்று கேள்வியுற்றவுடன் அவர் கை நடுங்குகின்றது. இத்தகைய பெருங்குலச் சொல்லுக்கு மீனவன் வாய்ச்சொல்லா ஈடு என்று நாணி, இரண்டு மூன்று செந்தமிழ்ச் சொற்களை ஒட்டி ஒரு புதுச்சொல் செய்துவிடுவர்.

ஆகவே அந்தப் பெருங்குலத்தையே சற்று விசாரித்துப் பார்ப்பது தகும்.

லகூன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்மூலம் இத்தாலிய 'லகூனா'வும் அதன்வழி வந்த பிரெஞ்சு 'லகூன்' வடிவமும் ஆகும். ஆங்கிலத்தில் அது 17ஆம் நூற்றாண்டிலே தலைகாட்டுகின்றது. அப்போது அது குறித்தது வெனிஸ் நகரைச் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பை மட்டுமே. இத்தாலிய வடிவத்துக்கு மூலம் இலத்தீன் 'லக்கூனா'. உயிர்களிடையே நின்ற வல்லோசை வட இத்தாலிய வாய்களில் மெலிந்து ககரம் குரலொலியாயிற்று. தமிழர்க்கு இது புதிதன்று. 'அகம்' என்று எழுதி, இடையிலுள்ள ககரத்தை மெலித்து ஒலிப்பவர்க்கு இம்மாற்றத்தை விளக்க வேண்டுவதில்லை. இலத்தீன் லக்கூனா, 'லக்குஸ்' என்ற சொல்லினின்று கிளைத்தது. லக்குஸ் என்பது ஏரி, தொட்டி, நீர் தேங்கும் பள்ளம். கிரேக்கத்திலே இதற்கு இனமான சொல் 'லக்கொஸ்'; குழி, நிலத்தடி நீர்த்தொட்டி என்பன அதன் பொருள். ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியில் ஏரியைக் குறிக்கும் 'லொக்' என்பதும் இக்குடும்பத்ததே.

இங்கே மாணவர் பெரும்பாலும் இடறும் ஓரிடம் உண்டு. கிரேக்கச் சொல்லும் இலத்தீன் சொல்லும் ஒத்திருக்கக் கண்டவுடன், கிரேக்கம் தாய், இலத்தீன் மகள், ஆங்கிலம் பேத்தி என்று வமிசவரிசை எழுதிவிடுவர். அது பிழை. லக்கொஸ், லக்குஸ் என்னும் இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை. தமிழில் 'நீர்' என்றும் தெலுங்கில் 'நீரு' என்றும் வழங்குவதைக் கண்டு, தெலுங்கர் தமிழரிடம் கடன்கொண்டனர் என்று எவரும் சாதிப்பதில்லை. கிரேக்கத்துக்கு மட்டும் அந்த நியாயத்தை மறுப்பானேன்? ஐரோப்பியக் கல்வி வரலாற்றிலே கிரேக்கம் பெற்ற உயர்வு, சொற்பிறப்பிலும் அதற்கு மூத்தபிள்ளை உரிமையை வாங்கிக் கொடுத்துவிட்டது என்பதன்றி வேறு காரணமில்லை.

இனி, றோமன் ஒருவன் லக்கூனா என்று சொல்லும்போது என்ன நினைத்தான்? கடற்கரைப் புவியியலையா? இல்லை. குழியை நினைத்தான். மழைநீர் தேங்கிய பள்ளம் லக்கூனா. சிரிக்கும்போது கன்னத்தில் விழும் குழியும் லக்கூனா. காதற்கலை பாடிய ஓவிட் அப்பொருளில் அதனை ஆண்டிருக்கின்றார். வீட்டு முகட்டிலே சதுரக் குழிகளாக அமைத்த மரவேலைப்பாட்டுக்கும் இச்சொல்லினின்றே பெயர் பிறந்தது. ஏட்டிலே எழுத்து அழிந்து விழுந்த இடைவெளியும் பிற்காலத்தில் லக்கூனாவாயிற்று. ஆங்கிலப் பதிப்பாசிரியர் இன்றும் அச்சொல்லை அவ்வாறே வழங்குவர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமற் போனதை ஓர் ஆங்கில அறிஞர் எழுத நேரின் லக்கூனா என்றே எழுதுவார். எலும்பினுள்ளே உயிரணு தங்கும் நுண்குழியை உடற்கூற்று நூலார் அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஆக, இலத்தீன் சொல் அறிவியற்சொல்லாகப் பிறக்கவில்லை. குண்டு, குழி, பள்ளம், மடு என்று தமிழ்க் கிராமத்தான் சொல்லும் சொற்களின் வரிசையிலே நிற்பது அது. அதற்குப் பெருங்குலம் என்று ஒன்றும் இல்லை.

அதனை நீர்நிலையின் பெயராக நிலைநிறுத்தியவர் வெனிஸ்காரர். அவர்களும் பண்டிதர்களாக இருந்து அதனைச் செய்யவில்லை. சேற்றுத் திட்டுகளில் மரக்கட்டை நட்டு வீடு கட்டியவர்களும் மீன் பிடித்தவர்களும் உப்பு விளைத்தவர்களுமே செய்தனர். தம் வாசலிலே கிடந்த ஆழமற்ற நீரைப் பள்ளம் என்றனர். ஊர் செல்வம் பெற்றது; ஊரோடு சொல்லும் செல்வம் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பசுபிக் சமுத்திரத்துக்குச் சென்ற ஆங்கில மாலுமிகள், பவளத் தீவுகளின் நடுவே கிடந்த நீரைக் கண்டு அதற்கும் லகூன் என்றனர். 1842இற் பவளப்பாறைகளைப் பற்றி நூல் வெளியிட்ட சாள்ஸ் டார்வினும் அச்சொல்லை ஆண்டார். அதன் பின்னரே அது பாடநூல் ஏறிற்று. டார்வின் அந்நூலிலே வேறொன்றையும் செய்தார். வளையமாகக் கிடக்கும் பவளத்தீவுக்கு இலத்தீனிலோ கிரேக்கத்திலோ பெயர் புனைய அவர் முயலவில்லை. மாலைதீவுக் குடிகள் தம் தீவுக்கூட்டங்களைச் சுட்டும் சொல்லை அப்படியே எடுத்து 'அற்றோல்' என்று எழுதினார். மாலைதீவு மீனவனின் சொல் கேம்பிரிட்ஜ் பட்டதாரிக்குப் போதுமானதாக இருந்தது. மட்டக்களப்பு மீனவனின் சொல் மட்டக்களப்புப் பாடசாலைக்கே போதவில்லை.

புவியியல் என்னும் துறையின் சொற்களஞ்சியத்தைத் திறந்து பார்ப்பவர்க்கு இவ்வுண்மை பக்கந்தோறும் கிடைக்கும். நோர்வே நாட்டார் தம் கடற்கால்களைச் சுட்டிய சொல்லே 'பியோட்' என உலகெங்கும் செல்கின்றது. ஐஸ்லாந்தின் ஒரே ஒரு வெந்நீரூற்றின் இடப்பெயர், எல்லா வெந்நீர்ப்பீச்சுகளுக்கும் பொதுப்பெயராயிற்று. சுலோவேனியாவில் உள்ள சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தின் பெயரே 'கார்ஸ்ட்'. பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அரபு மாலுமியின் வாயினின்று போர்த்துக்கேயன் வாய்க்கு மாறி வந்தது. யப்பானிய மீனவர்கள் துறைமுக அலை என்னும் பொருளில் வழங்கிய சொல்லே சுனாமி. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி, வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடி அழிந்தபோது, கிழக்குக் கரையிற் பலர் அச்சொல்லை அறிந்திருக்கவில்லை. சில நாட்களிலே எல்லார் வாயிலும் அது வந்துவிட்டது. ஆழிப்பேரலை என்ற அழகிய தமிழாக்கமும் பிறந்தது. எழுதுவோர் அதனை எழுதுகின்றனர்; இழந்தோர் இன்றும் சுனாமி என்றே சொல்கின்றனர். எதற்கு வாழ்வு அதிகம் என்று கரையிற் போய்க் கேட்டறியலாம்.

கிரேக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. கடனீரேரிக்காக வாதிடுவோர் அறிந்திராத சான்று ஒன்று அவர்களுக்குச் சார்பாக உள்ளது. அதனை மறைப்பது நேர்மையன்று. இக்காலக் கிரேக்க மொழியில் இந்நிலவுருவுக்குப் பெயர் 'லிம்னொதாலசா'. லிம்னி என்றால் ஏரி. தாலசா என்றால் கடல். ஏரிக்கடல்! கவிஞர் பைரன் 1824இல் உயிர்நீத்த மிசொலொங்கி நகரின் வாவியைக் கிரேக்கர் அவ்வாறே அழைக்கின்றனர். அப்படியாயின் கடனீரேரியிற் குற்றம் என்ன என்று கேட்கலாம். ஒட்டிச் செய்த சொல் என்பது குற்றமன்று. கிரேக்கர் ஏரி என்ற சொல்லையும் கடல் என்ற சொல்லையும் தம் வழக்கிலிருந்து எடுத்தனர். மட்டக்களப்பிலோ ஏரி வழக்கில் இல்லை. அங்கே மனிதன் கட்டியதும் குளம், தானாய்க் கிடப்பதும் குளம். உன்னிச்சைக் குளம், உறுகாமக் குளம், நவகிரிக் குளம் என்பனவே பெயர்கள். வாகனேரி என்னும் ஊர்ப்பெயரில் ஏரி ஒளிந்து நிற்கின்றது என்பது மெய்தான். ஆயின் மக்கள் அதனையும் வாகனேரிக் குளம் என்றே சொல்வர். ஏரி அங்கே பொருள் இழந்து பெயராகிவிட்டது.

பொருளின் வழியாகப் பார்த்தாலும் கடனீரேரி தேறாது. மட்டக்களப்பு வாவி வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு திறக்கும். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு, அம்பாறை மாவட்டத்தின் எல்லைக்குள்ளும் செல்லும். வடகீழ்ப் பருவமழை காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஆறுகளும் வடிச்சல்களும் அதனுள்ளே பாய, அதன் நீர் பெரும்பாலும் நன்னீராகிவிடும். வெள்ளம் வயலை மூடும்போது முகத்துவாரத்து மணற்றடையை வெட்டிவிடுவர். வெள்ளம் கடலுக்கு ஓடும். கோடையில் வாய் அடைபட்டால் நீர் ஒருவகை, திறந்திருந்தால் வேறொருவகை. இதனைக் கடல்நீர் என்பதும் பொருந்தாது. ஏரி என்பதும் பொருந்தாது. 'ஆறு' என்று தாய்மார் சொல்வது இவ்வோட்டத்தைக் கண்டே என்பதனை எந்தச் சொற்றொகுதிக் குழுவும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பாமரர் வழு என்று கருதப்படும் சொல்லிலே அவதானிப்பு இருக்கின்றது. பண்டிதர் சொல்லிலே புணர்ச்சி மட்டுமே இருக்கின்றது.

வாவி என்னும் பெயருக்கு வருக. நகரமக்கள் மிக விரும்பும் சொல் இதுவே, ஓசையும் இனிது. இது வடமொழி 'வாபி'யின் தமிழுரு. குளம், கிணறு என்பன அதன் பொருள். சிங்களவர் குளத்தை 'வெவ' என்பதும் அதே வாபியினின்று வந்ததே. எனவே மட்டக்களப்பு வாவி என்பது களப்பை முன்னும் குளத்தைப் பின்னும் கொண்ட பெயர். ஆங்கிலத்திலோ இது இன்னும் வேடிக்கை. மட்டக்களப்பு என்ற பெயரைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் வாய்க்கேற்ப வளைத்தனர், மகரம் பகரமாயிற்று, களப்பு 'கலோவா' ஆயிற்று. அதன்பின் ஆங்கிலேயர் லகூன் என்று ஒட்டினர். பொருள் பிரித்தால் களப்பின் களப்பு என்று வரும். தமிழ்ப் பாடநூலார் அந்த ஆங்கிலத் தொடரைத் திரும்ப மொழிபெயர்க்கப் புகுந்து, மட்டக்களப்புக் கடனீரேரி என்று எழுதும்போது, எதனைத் தேடுகின்றனரோ அதன்மேலேயே கால் வைத்து நின்றுகொண்டு தேடுகின்றனர்.

மட்டக்களப்பு என்ற பெயரைப் பற்றி நடந்த வாதங்கள் பல. மட்டு என்பது எல்லை. களப்பு இம்மட்டும் என்று தோணியில் வந்த முக்குவர் சொன்னதனால் வந்த பெயர் என்பது ஒரு கதை. மட்டமான களப்பு என்பது மற்றொரு விளக்கம். மட்டு என்பது தேன் என்று கொண்டு தேன்நாடு என்பர் சிலர். சிங்களத்தில் 'மட' என்பது சேறு; ஆகவே சேற்றுக்களப்பு என்பர் வேறு சிலர். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மாவட்ட வரலாறும், எவ். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும், பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழக'மும் ஊர்வரலாறு தேடுவோர் கையில் எடுக்கும் நூல்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் விடுதிகளில் நள்ளிரவு வரை வாதிடுவோர் யாவரும் பெயரின் முற்பாதிக்கே போராடுகின்றனர். பிற்பாதியில் எவர்க்கும் ஐயமில்லை. களப்பு என்றால் கடலோடு தொடர்புற்ற ஆழமற்ற நீர்ப்பரப்பு. தமிழனும் சிங்களவனும் ஒத்துக்கொள்ளும் அந்தப் பாதியே கலைச்சொல்லாகத் தகுதியுடையது. அதனையே எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் வேறொரு கூட்டத்தாரையும் எச்சரிக்கவேண்டியுள்ளது. கலைச்சொல்லாளர் ஆங்கிலத்துக்கு அஞ்சுவர் என்றால், இவர்கள் ஆங்கிலத்தை விழுங்கப் பார்ப்பர். லகூன் என்ற சொல்லைக் கேட்டவுடன், களப்பில் உள்ள ககரமும் ளகரமும் இடம்மாறி லகூன் ஆயின என்று எழுதத் துணிவர். நல்லூர் ஞானப்பிரகாச அடிகள் 1938 முதல் வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியும், தேவநேயப் பாவாணர் வாழ்நாளெல்லாம் செய்த வேர்ச்சொல்லாய்வும் பேருழைப்பின் விளைவுகள். அவர்தம் முடிபுகளை ஏற்காதவர்க்கும் அவர் தொகுத்தவை பயன்படும். ஆயின், அவர்கள் உழைப்பைக் கைக்கொள்ளாமல் அவர்கள் துணிவை மட்டும் கைக்கொண்டோர் பலர். ஒலி ஒத்தால் உறவு என்பது சொல்லாராய்ச்சியன்று. அது சாதகப் பொருத்தம்கூட அன்று, முகப்பொருத்தம்.

முகப்பொருத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே ஒரு பொறி இருக்கின்றது. இலத்தீன் லக்கூனா போர்த்துக்கேய மொழியில், இடையில் நின்ற னகரம் மறைந்து, 'லகோவா' என ஆயிற்று. மட்டக்களப்பின் ஐரோப்பிய வடிவமோ 'கலோவா' என்று முடிகின்றது. இரண்டும் நீர்நிலையையே குறிக்கின்றன. அரை மணி நேரத்திலே, மட்டக்களப்பு என்பது போர்த்துக்கேயர் இட்ட பெயர் என்று ஒரு கட்டுரை எழுதி முடித்துவிடலாம். இலத்தீன், கிரேக்கம் எல்லாம் காட்டி அடிக்குறிப்பும் இடலாம். அத்தனையும் பொய்யாக இருக்கும். அயலார் தாம் கேட்ட ஊர்ப்பெயரைத் தம் நாவுக்கேற்பத் திரித்தனர் என்பதே நிகழ்ந்தது. களப்பு என்பது 'கலப்பு' என்பதன் திரிபு, நன்னீரும் உவர்நீரும் கலத்தலால் வந்தது என்று சொல்லவும் நா ஊறும். லகரம் ளகரமான படிகளைச் சான்றோடு காட்டாதவரை அது வெறும் அழகு. அழகுக்கு மயங்கியவர் தமிழர் மட்டுமல்லர். றோமரிற் பேரறிஞரான வர்ரோ, இலத்தீன் மொழி பற்றித் தாம் எழுதிய நூலிலே லக்குஸ் என்பது பெரியதொரு லக்கூனா என விளக்கினார். இக்கால ஆய்வாளரோ லக்குஸ் முந்தியது, லக்கூனா அதன் கிளை என்பர். தந்தையை மகனிடமிருந்து பிறப்பித்துவிட்டார் வர்ரோ. தன் தாய்மொழியில், தன் காலத்திலேயே அவ்வறிஞர்க்கு இது நேர்ந்ததென்றால், இரண்டாயிரம் ஆண்டு கழிந்து, இலத்தீன் நெடுங்கணக்கும் அறியாதவர் எத்துணை அடக்கம் கொள்ளவேண்டும்!

மெய்யான கடன் எது என்றால், சான்று அதற்கு வழிவிடும். கட்டுமரம் ஆங்கிலத்திற் 'கற்றமரான்' ஆனதை மறுப்பார் இல்லை; வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலிலே அச்சொல் வருகின்றது; பொருளும் ஒன்று, கரையும் ஒன்று, போக்குவரத்தும் தெரிந்தது. ஆங்கிலேயர் தமிழ் மீனவனிடமிருந்து ஒரு சொல்லைப் பெற்றுக் கூச்சப்படவில்லை. தமிழ் மீனவனிடமிருந்து ஒரு சொல்லைப் பெறத் தமிழ்ப் புலவர் கூச்சப்படுகின்றனர்.

களப்பை ஏற்கக்கூடாது என்போர் கூறும் தடைகள் இரண்டு. முதலாவது, அது ஈழத்துச் சொல். தமிழகத்தார்க்குப் புரியாது என்பது. தமிழகத்தார்க்குக் கடனீரேரி புரிந்துவிட்டதா? அவர்கள் காயல் என்பர், கழி என்பர், உப்பங்கழி என்பர். கழி சங்க நெய்தற் பாட்டிலே வாழ்ந்த சொல்; அதன் பெருமையைக் குறைப்பார் இல்லை. ஆயின் ஓடைபோல் உட்புகுந்த உவர்நீருக்கு அது பொருந்துமளவு, ஒருபுறம் நின்று நோக்கின் மறுகரை மங்கித் தோன்றும் விரிந்த பரப்புக்குப் பொருந்தாது. காயல் நல்ல சொல். தமிழகத்துப் பாடநூல் காயல் என்றே எழுதட்டும். அடைப்பிலே களப்பு என்று சேர்க்கட்டும். ஈழத்துப் பாடநூல் களப்பு என்று எழுதிக் காயலை அடைப்பிற் சேர்க்கட்டும். இரண்டு உயிருள்ள சொற்களைக் கற்பதால் மாணவனுக்கு நட்டம் இல்லை. நோர்வேச் சொல்லையும் யப்பானியச் சொல்லையும் கற்க முடிந்தவனுக்கு மட்டக்களப்புச் சொல் மட்டும் கசக்குமா?

இரண்டாவது தடை உரக்கச் சொல்லப்படுவதில்லை. தேநீர்ச்சாலையிலே தாழ்ந்த குரலிற் சொல்லப்படுவது. சிங்களத்திற் 'களப்புவ' என்று உளதே, இது சிங்களச் சொல்லாக இருந்துவிட்டால் என் செய்வது என்பதே அது. இனப்பூசலால் இத்தனை இழந்த நாட்டிலே இவ்வச்சம் எழுவது வியப்பன்று. ஆயின் அச்சம் ஆராய்ச்சியாகாது. நீர்கொழும்பிலும் களப்பு உண்டு. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருமொழியும் பேசியவை. ஒரே தீவில், ஒரே வகை நீரில், ஒரே வகை வலையை வீசியவர்கள் ஒரு சொல்லையும் பங்கிட்டுக்கொண்டனர். வாவி வடமொழியினின்று வந்ததென்று தெரிந்தும் அதனைப் பாட்டிலே வைத்துப் பாடுவோர், களப்பிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நேர்மையன்று. இரண்டு மொழி மாணவர்க்கும் ஒரே கலைச்சொல் கிடைப்பது இந்நாட்டில் எத்துணை அரிது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

போவது களப்பு என்ற ஒரு சொல் மட்டுமன்று. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று நீரை நடுவே வைத்துத் திசைக்குப் பெயரிட்டது ஒரு சமூகம். புளியந்தீவு, மண்முனை, நாவற்குடா, பாலமீன்மடு, அம்பிலாந்துறை என்னும் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னால் தீவு, முனை, குடா, மடு, துறை என்று புவியியல் அகராதியின் ஓர் இயலே வந்துவிடும். முகத்துவாரம் என்ற சொல் இருக்கின்றது. அதனை வெட்டுதல் என்ற வினையும் இருக்கின்றது. கரையிலே சேற்றைப் பிடித்து நிற்கும் மரத்துக்குக் கண்ணா என்ற பெயர் இருக்கின்றது. கல்லடிப் பாலம் 1924இல் எழுந்தது. மண்முனைத் துறையிலே 2014இற் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வேண்டும், நோயாளியைத் தோணியில் ஏற்றிக் காத்திருந்த காலத்தை எவரும் விரும்பி அழையார். ஆயினும் துறை மறையுமிடத்தில் துறைக்காரனின் சொற்களும் மறையும். அவற்றை எழுதிவைக்கவேண்டிய பல்கலைக்கழகம், அவனுக்குத் தெரியாத சொற்களைச் செய்துகொண்டிருக்கின்றது. வெனிஸ்காரர் தம் லகூனாவை ஆறுகள் சேற்றால் நிரப்பிவிடாதபடி, அவ்வாறுகளையே திசைதிருப்பிப் பேணினர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீரைக் காக்கத் தனி அதிகாரிகளை அமர்த்தினர். தாம் பெயரிட்டு அழைத்த நீரையே அவர்கள் காத்தனர். கடனீரேரி ஒன்றை மண்போட்டு நிரப்பினால் எந்தச் சிறுமிக்கு நெஞ்சு பதறும்?

சுவாமி விபுலாநந்தர் பௌதிகம் கற்றவர், விஞ்ஞானப் பட்டதாரி. இலத்தீன் வேர்களைக் கண்டு மருளவேண்டிய நிலை அவர்க்கு இல்லை. ஆயினும் 1947இல் வெளிவந்த 'யாழ் நூ'லிலே, மட்டக்களப்பு வாவியில் நிலவுக் காலத்தில் எழும் நீரொலியை அவர் எடுத்தாண்டார். நீரரமகளிர் இசை என்று அதற்குப் பெயரும் தந்தார். இசையாராய்ச்சிக்குத் தம் ஊர்த் தோணிக்காரன் கேட்ட ஒலி சான்றாகும் என்று அவர் கருதினார்.

அவ்வொலியைத் தேடி அவர்க்கு ஒரு நூற்றாண்டு முன்னே வந்தவர் ஓர் அந்நியர். இலங்கைக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் மட்டக்களப்புக்கு வந்து, இரவிலே தோணியில் ஏறி, ஒலி எழும் இடத்துக்குச் சென்று கேட்டார். ஒலி செய்வது எது என்று மீனவரை வினவினார். அவர்கள் ஊரி ஒன்றைக் காட்டினர். அழும் ஊரி என்று அதற்குப் பொருள் சொன்னதாக அவர் தம் நூலிற் குறித்தார். மீனவர் சொன்ன தமிழ்ப் பெயரை அவர் ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால் எந்தத் தமிழனும் சிரிப்பான். ஊரி என்ற முதற்சொல்லைத் தவிர மற்றவை உருக்குலைந்து கிடக்கின்றன. ஆனாலும் அவர் கேட்டார், கேட்டதை எழுதினார். கடனீரேரி என்று எழுதியவர் அந்தத் துறையில் இறங்கி எவரையும் கேட்கவில்லை.